கண்ணாடி போட்டவருக்குச் சின்ன பைனாகுலர்: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். வயது 52. தூரப்பார்வைக்குக் கண்ணாடி, இடது மைனஸ் 4.5, வலது மைனஸ் 3.75, இரண்டிலும் 1.5 சிலிண்டர், அதாவது விழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்கிற பவர். காலை நடையின்போது ஏரிக்கரையில் பறவை பார்ப்பதற்காக, இடுப்புப் பையில் அடங்குகிற ஒரு 10×25 பைனாகுலர் (10 மடங்கு பெருக்கம், 25 மி.மீ. முன் லென்ஸ்) வாங்கியிருக்கிறீர்கள். கூட நடக்கிற நண்பர் கண்ணாடி போடாதவர்; அவர் வாங்கிப் பார்த்துவிட்டு 'அருமையா இருக்கே' என்கிறார். உங்களுக்கோ சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பதுபோல் சின்ன வட்டம்தான் தெரிகிறது. அதுவும் அடிக்கடி கறுத்துப்போகிறது. கருவியில் கோளாறா, கண்ணில் கோளாறா, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா, இல்லை வேறு வாங்குவதென்றால் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டிலும் கோளாறு இல்லை. பொருத்தம் பார்க்காமல் முடித்து வைத்த கல்யாணம், அவ்வளவுதான். நானும் இருபது வருடத்துக்கு மேல் கண்ணாடியோடு பறவை பார்ப்பவன். முதல் பைனாகுலரில் இதே தப்பைச் செய்தவன். வேடந்தாங்கல் கரையில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம், நத்தைகுத்தி நாரை குஞ்சுக்கு இரை கொடுப்பதைச் சொல்லிச் சொல்லி ரசித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கூடு இருக்கும் மரத்தையே தேடிக்கொண்டிருந்தேன். மரம் எதிரேதான் நின்றது.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 8, 10 என்ற எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். கண்ணாடி போட்டவர் பார்க்க வேண்டிய எண் விவரப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: ஐ ரிலீஃப். பைனாகுலரின் கண்பக்க லென்ஸிலிருந்து வெளியே வருகிற ஒளி, லென்ஸைத் தாண்டிச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன வட்டமாகக் கூடுகிறது. உங்கள் கண்மணி அந்த இடத்தில் போய் நின்றால் முழுக் காட்சியும் கிடைக்கும். லென்ஸுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஐ ரிலீஃப்.

கண்ணாடி போடாதவர் கண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் பக்கத்தில் கொண்டுபோகலாம். நமக்கு நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. கண்ணாடி லென்ஸின் உள்பக்கத்துக்கும் விழிக்கும் இடையே பொதுவாக 12 முதல் 14 மி.மீ. இடைவெளி இருக்கும். அதோடு லென்ஸின் தடிமனையும் கூட்டிக்கொள்ளுங்கள். கையடக்கக் கருவிகள் பலவற்றில் ஐ ரிலீஃபே 10 மி.மீ.தான். அப்படியானால் ஒளி கூடுகிற இடம் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே, காற்றிலேயே முடிந்துவிடுகிறது. நடுவில் கொஞ்சம் மட்டும் தெரியும், ஓரம் எல்லாம் வெட்டுப்பட்டுப்போகும். நண்பருக்கு அருமை, உங்களுக்குச் சாவித் துவாரம் என்பதன் கணக்கு இதுதான்.

எவ்வளவு இருந்தால் நல்லது? 16 மி.மீ. அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால் நம்பிக்கையோடு கையில் எடுத்துப் பார்க்கலாம். 15 எல்லைக்கோடு. 12க்குக் கீழே என்றால் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மைனஸ் பவர்காரர்களுக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு: நம் லென்ஸ் ஓரத்தில் தடியாக இருந்தாலும் நடுவில் மெல்லியது. அதிக பிளஸ் பவர் போட்டவருக்கு நடுவில்தான் தடிமன். அவர் இன்னும் ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகத் தேட வேண்டும்.

சரி, 16 என்று போட்டிருக்கிறதே என்று உடனே வாங்கிவிடலாமா? அங்கேதான் ஒரு பொடி சமாச்சாரம் இருக்கிறது. கம்பெனிகள் இந்தத் தூரத்தை லென்ஸின் மேல்பரப்பிலிருந்து அளந்து சொல்கின்றன. லென்ஸோ ரப்பர் விளிம்புக்கு உள்ளே கொஞ்சம் பள்ளத்தில் இருக்கும். உங்கள் கண்ணாடி போய் இடிப்பது விளிம்பில்தான். பள்ளம் 2 மி.மீ. இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 14, 4 இருந்தால் 12. ஒரே எண் போட்ட இரண்டு கருவிகள் ஒருவருக்கு வேறு வேறாகத் தெரிவது இதனால்தான்.

இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு துண்டு பட்டர் பேப்பர், ஒரு ஸ்கேல் போதும். கண்பக்கம் இருக்கும் ரப்பர் வளையத்தை, அதை ஐகப் என்பார்கள், முழுதாக உள்ளே திருகி இறக்கிவிடுங்கள். பைனாகுலரின் முன்பக்கத்தை வெளிச்சமான ஜன்னலை நோக்கி வையுங்கள்; சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. இப்போது பட்டர் பேப்பரைக் கண்பக்க லென்ஸுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, மெதுவாகப் பின்னால் இழுங்கள். பேப்பரில் விழும் வெளிச்ச வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் மிகச் சிறிதாக, கத்தரித்த மாதிரி விளிம்போடு நிற்கும். அதையும் தாண்டி இழுத்தால் மறுபடி பெரிதாகி மங்கும். வட்டம் சிறிதாக நின்ற அந்த இடத்துக்கும் ரப்பர் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால், அதுதான் உங்களுக்குப் பயன்படப்போகிற உண்மையான ஐ ரிலீஃப். முகத்தை ஒட்டி உட்காரும் என் ஃபிரேமுக்கு 13 மி.மீ. போதுமாக இருக்கிறது. உங்கள் 10×25இல் அளந்து பாருங்கள். ஏழோ எட்டோ வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதே பேப்பரில் இன்னொன்றும் தெரிந்துவிடும். அந்த வெளிச்ச வட்டத்தின் அகலத்தை எக்ஸிட் பியூப்பில் என்பார்கள். முன் லென்ஸின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் அது வந்துவிடும்: 10×25க்கு 2.5 மி.மீ., 8×25க்கு 3.1, 8×32க்கு 4, 8×42க்கு 5.25. பகல் வெயிலில் நம் கண்மணியே 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும் என்பதால், வெளிச்சத்துக்கு 2.5 போதும். இடத்துக்குத்தான் போதாது. இரண்டரை மி.மீ. வட்டத்துக்குள் கண்மணியைச் சரியாக நிறுத்த வேண்டும், அதுவும் இரண்டு கண்ணையும் ஒரே சமயத்தில். கை லேசாக நகர்ந்தால் ஒரு பக்கம் கறுக்கும். கண்ணாடி இல்லாதவருக்கு ஐகப் கண்குழியில் போய்ப் பொருந்தி இடம் காட்டிவிடும். நமக்கு அது வழுவழுப்பான லென்ஸ் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் கண்ணாடிக்காரருக்கு இந்த வட்டம் கொஞ்சம் பெரிதாக இருப்பது வசதி. விடியற்காலை மரத்தடி இருட்டில் கண்மணி விரியும்போது வெளிச்சமும் கூடக் கிடைக்கும்.

கறுப்பு எங்கே விழுகிறது என்று கவனித்தால் நோய் என்னவென்று சொல்லிவிடலாம். காட்சியைச் சுற்றி ஓரத்தில் வளையமாகக் கறுத்திருந்தால், கண் தூரத்தில் நிற்கிறது, ஐ ரிலீஃப் போதவில்லை. நடுவில் மேகம் மாதிரி கறுப்புத் திட்டு வந்து வந்து போனால் அது நேர்மாறு, கண் அளவுக்கு மீறிப் பக்கத்தில் போய்விட்டது. ஐகப்பை ஒரு படி வெளியே திருகினால் சரியாகும். இரண்டும் இல்லாமல் ஒரு கண்ணில் மட்டும் கறுத்தால், கண்களுக்கு இடையிலான அகலத்துக்குக் கருவியை நீங்கள் சரியாக மடக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது பற்றி. வெறும் மைனஸ் பவர் மட்டும் இருந்தால் அது நடக்கக்கூடிய காரியம்தான். ஃபோகஸ் சக்கரம் தொலைதூரத்தையும் தாண்டிக் கொஞ்சம் சுழலும். அந்தக் கூடுதல் சுழற்சி உங்கள் பவரை ஈடுகட்டும். எத்தனை பவர் வரை என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை டயாப்டர் வளையம் பார்த்துக்கொள்ளும். ஆனால் சிலிண்டரை எந்தச் சக்கரமும் சரிசெய்யாது. அரை, முக்கால் சிலிண்டர் என்றால் பெரிதாகத் தெரியாது, உங்கள் 1.5க்கு, எவ்வளவு திருகினாலும் பறவையின் ஓரத்தில் ஒரு இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. பறவையை முதலில் கண்டுபிடிப்பது வெறுங்கண்ணால்தான். வேலியில் எங்கோ தையல்சிட்டு கத்துகிறது, இலை அசைகிறது, அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும். நடுவில் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றுகிற நேரத்துக்குள் அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். எனவே கழற்றாமல் பார்ப்பதற்கே வழி தேடுங்கள்.

அடுத்து 8ஆ 10ஆ. உங்கள் விஷயத்தில் நான் யோசிக்காமல் 8 என்றுதான் சொல்வேன். 10 பெருக்கத்தில் பறவை கொஞ்சம் பெரிதாகும், கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பார்வைப் பரப்பு சுருங்கும். சின்னக் கருவி எடை குறைவு என்பதால் ஆட்டமும் அதிகம். கனமான கருவி தன் கனத்தாலேயே கொஞ்சம் அடங்கி நிற்கும், முந்நூறு கிராம் கருவி அப்படி நிற்காது. ஏரிக்கரைச் சேற்றில் ஓடுகிற கொசு உள்ளானை நடுங்குகிற 10இல் பார்ப்பதைவிட, அசையாத 8இல் பார்த்தால் இறகின் விளிம்பு வரை தெரியும். பெட்டியில் 30×60 என்று போட்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவில் விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை: 60 என்றால் முன் லென்ஸ் ஆறு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் பைனாகுலர்களும் பறவைக்கு வேண்டாம்.

இப்போது அளவு. இங்கேதான் உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. 'சின்னது' என்றால் நீங்கள் 25 மி.மீ. வகையை நினைக்கிறீர்கள். அதற்கு ஒரு படி மேலே 30, 32 மி.மீ. வகை இருக்கிறது. எடை 450, 500 கிராமை ஒட்டி வரும். 25 வகை 300, 350. பெரிய 42 வகை 650க்கு மேல். 30 வகை சட்டைப் பையில் அடங்காதுதான், ஆனால் கழுத்தில் இரண்டு மணி நேரம் தொங்கினால் வலிக்காது. ஐ ரிலீஃப் நீளமாகவும் காட்சி அகலமாகவும் ஒன்றாக வேண்டுமென்றால் கண்பக்க லென்ஸ் பெரிதாக இருக்க வேண்டும். அதைச் சின்ன உடம்புக்குள் திணிப்பது கஷ்டம். திணித்தால் விலை ஏறும். நடுத்தர விலையில் நல்ல 8×30 கிடைக்கும். கண்ணாடிக்குத் தோதான நல்ல 8×25 பெரும்பாலும் விலை கூடிய வரிசையில்தான் இருக்கிறது.

பெயர் சொல்லிக் கேட்டதால் சொல்கிறேன். நிக்கான் மோனார்க் எம்7 8×30: ஐ ரிலீஃப் 15.1 மி.மீ., பார்வைப் பரப்பு 8.3 டிகிரி, அதாவது ஆயிரம் மீட்டர் தூரத்தில் 145 மீட்டர் அகலம். இவ்வளவு அகலம் இந்த அளவுக் கருவியில் பெரிய விஷயம். ஃபிரேம் முகத்தை ஒட்டி இருந்தால் முழுக் காட்சியும் கிடைக்கும். தள்ளி இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் போகும், ஆனால் போனது போக மிச்சமே தாராளம். 25 வகையிலேயே நிற்பேன் என்றால் ஸைஸ் (Zeiss) கம்பெனியின் டெர்ரா இ.டி. பாக்கெட் 8×25 இருக்கிறது, ஐ ரிலீஃப் 16. பணம் பிரச்சினை இல்லை என்பவர்களுக்கு ஸைஸ் விக்டரி பாக்கெட் 8×25 (16.5), ஸ்வரோவ்ஸ்கி சி.எல். பாக்கெட் 8×25 (17). கடைசி இரண்டும் விலையில் பைக் வாங்குகிற கணக்கு. கண்ணில் வைத்துவிட்டால் விலை மறந்துபோகும் என்பதால் வாங்குகிற எண்ணம் இல்லாமல் எட்டிப் பார்க்காதீர்கள். பென்டாக்ஸ் பப்பிலியோ 6.5×21 என்று ஒன்று உண்டு. அரை மீட்டர் பக்கத்தில் இருக்கும் தட்டானையும் வண்ணத்துப்பூச்சியையும்கூட ஃபோகஸ் செய்யும். 15 மி.மீ. ஐ ரிலீஃப், விலையும் எட்டக்கூடியது. மழைக்குத் தாங்காது, தூரத்து வாத்துக்குப் போதாது. ஆனால் தோட்டத்துப் பறவைக்கும் பூச்சிக்கும் எனக்கு மிகவும் பிடித்தது.

என் பட்டியலை நம்பி மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். முடிந்தால் கடைக்கே போங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கிற வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். பறவை பார்க்கிற கூட்டத்தோடு ஒரு காலை போவதும் நல்ல வழி. பொங்கல் சமயத்துப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனால் ஒரே கரையில் ஏழெட்டு விதமான பைனாகுலர் கழுத்தில் தொங்கும், கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கையில் கிடைத்ததும் செய்ய வேண்டியது இது. வெளியில் போகும்போது எந்தக் கண்ணாடி போடுவீர்களோ அதையே போட்டுக்கொள்ளுங்கள். ஐகப்பை முழுதாக இறக்குங்கள். கடைக்குள் சுவரைப் பார்க்க வேண்டாம். வாசலுக்கு வந்து எதிர்க் கட்டடத்தையோ ஈ.பி. கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காயையோ பாருங்கள். காட்சியின் ஓரத்தைக் கவனியுங்கள். சுற்றிலும் பௌர்ணமி நிலாவின் விளிம்பு மாதிரி கூர்மையான வட்டம் தெரிகிறதா? தெரிந்தால் முழுக் காட்சியும் உங்களுக்குக் கிடைக்கிறது. விளிம்பு மங்கலாகக் கரைந்தால் ஏதோ வெட்டுப்படுகிறது. இப்போது கருவியைக் கண்ணாடியோடு லேசாக அழுத்துங்கள். காட்சி விரிந்தால் ஐ ரிலீஃப் போதவில்லை என்று அர்த்தம். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, வட்டத்தின் அகலத்தை மட்டும் பாருங்கள். முன்பு பார்த்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஒவ்வொரு நாளும் இழக்கப்போகிற அளவு. கடைக்காரர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

அப்படியே ஐகப்பின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மெத்தென்ற ரப்பராக இருக்க வேண்டும். என் பழைய கருவியில் ரப்பர் தேய்ந்து, உள்ளிருந்த பிளாஸ்டிக் விளிம்பு கண்ணாடியில் அரைவட்டமாகக் கீறல் போட்டுவிட்டது. கோட்டிங் போட்ட லென்ஸ், மாற்றக் கொடுத்த பணத்தில் இன்னொரு சின்ன பைனாகுலரே வாங்கியிருக்கலாம். திருகுகிற ஐகப் ஒவ்வொரு படியிலும் டக்கென்று நிற்க வேண்டும், தானாகச் சரியக்கூடாது. நைட்ரஜன் நிரப்பிய, நீர் புகாத கருவியாக எடுங்கள். கடலோர ஈரக்காற்றில் மற்ற கருவிகளின் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வீட்டில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

பைனாகுலரை மாற்றாமல் கண்ணாடியை மாற்றியும் ஒன்றிரண்டு மி.மீ. சம்பாதிக்கலாம். இதைப் பலரும் யோசிப்பதில்லை. மெட்டல் ஃபிரேமில் மூக்கின் மேல் உட்காரும் இரண்டு சின்னப் பட்டைகளை, கண்ணாடிக் கடையில் கொஞ்சம் விரித்துக் கொடுத்தால் லென்ஸ் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இமை முடி உரசாத அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள். முழு பிளாஸ்டிக் ஃபிரேமில் இது முடியாது. உங்கள் வயதுக்குப் புரோகிரஸிவ், அதாவது மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக ஒரே லென்ஸில் பவர் மாறுகிற கண்ணாடி, போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் பைனாகுலரைச் சற்று மேலேற்றி, தூரப்பார்வைப் பகுதி வழியாகவே பாருங்கள். கீழே இறங்கிவிட்டால் காரணமே தெரியாமல் மங்கும், நீங்கள் ஃபோகஸ் சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பறவைக்கென்று தனியாகத் தூரப்பார்வை மட்டும் உள்ள ஒரு கண்ணாடி வைத்துக்கொள்வது உத்தமம். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் வேண்டாம். சின்ன பைனாகுலரில் வருகிற வெளிச்சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

டயாப்டரைக் கண்ணாடியோடுதான் அமைக்க வேண்டும். தூரத்தில் ஒரு கடை போர்டைப் பார்த்து, வலது முன் லென்ஸைக் கையால் மறைத்து, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மறைத்து, சக்கரத்தைத் தொடாமல், டயாப்டர் வளையத்தை மட்டும் திருகி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பெரும்பாலான கருவிகளில் அந்த வளையம் வலப்பக்கம்தான் இருக்கும். அமைத்ததும் வளையத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். நண்பர் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பொட்டு நகர்ந்திருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஐகப் கண்குழியில் உட்காராததால் நமக்கு ஒரு தாங்கல் குறைகிறது. இரண்டு கட்டைவிரலையும் கன்ன எலும்பில் ஊன்றி, ஆள்காட்டி விரல்களைக் கண்ணாடி ஃபிரேமின் மேல் ஓரத்தில் படியவிட்டால் கருவி நிற்கும். பக்கவாட்டு வெயில் கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டு எதிரொளிப்பதையும் அந்த விரல்களே மறைத்துவிடும். முன்பக்கம் நீட்டிய தொப்பி இருந்தால் இன்னும் நல்லது. ஏ.சி. காரில் பள்ளிக்கரணைக்கோ வேறெங்கோ போய் இறங்குகிறீர்கள் என்றால் கண்ணாடி, பைனாகுலர் இரண்டும் ஒன்றாகப் பனிக்கும். பத்து நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுங்கள். கருவியைத் துணியால் துடைக்க அவசரப்பட்டால் தூசி கோடு போடும்.

உங்கள் 10×25ஐ என்ன செய்வது என்று கேட்டால், நண்பருக்கே கொடுத்துவிடுங்கள். அவருக்குத்தான் அதில் அருமையாகத் தெரிகிறதே. புதிதாக எது வாங்கினாலும், பட்டர் பேப்பரில் அளந்த எண்ணும் உங்கள் ஃபிரேமின் வகையும் சொல்லி எழுதுங்கள். காட்சி ஓரம் கரைகிறதென்றால் மூக்குப் பட்டையில் சரிசெய்ய முடியுமா, கருவியையே மாற்ற வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.